விகாரையின் ஞாயிற்றுக்கிழமை

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு: ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிதர் நினைவுச் சொற்பொழிவை இந்த ஆண்டு மலையடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மன்றத் தோழர்கள் சொன்னபோது எங்களில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. சென்னையில் வைத்தால் பத்துப் பேராசிரியர்கள் வருவார்கள், பத்திரிகையில் நாலு வரி வரும், இங்கே யார் வரப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டோம். இப்போது இந்தப் பந்தலைப் பார்க்கிறோம். பீடிக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்த அக்காமார்கள் இருக்கிறார்கள். தோல் ஷாப்பில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்த தம்பிகள் இருக்கிறார்கள். மலைமேல் இருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்த நண்பர்களும் இருக்கிறார்கள். எங்கள் தயக்கத்திற்காக உங்கள் எல்லோரிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் பேச வந்தது ஒரு பூட்டைப் பற்றி.

எங்கள் ஊர்ச் சேரியில் ஒரு புத்த விகாரை இருக்கிறது. விகாரை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மேலே தகரக் கூரை, உள்ளே நாற்பது பேர் உட்காரும் இடம், சிமெண்டில் செய்து வெள்ளையடித்த ஒரு புத்தர், சுவரில் பாபாசாகேப், பண்டிதர் படங்கள், அவ்வளவுதான். கூலிப் பணத்தில் பத்தும் இருபதுமாகப் பிரித்துக் கட்டியது. திறப்பு விழா அன்று ஊரே திரண்டது. அதன்பிறகு ஏப்ரல் 14-க்குத் திறப்போம், டிசம்பர் 6-க்குத் திறப்போம், வைகாசிப் பௌர்ணமிக்குத் திறப்போம். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. களையெடுத்துவிட்டு வந்த ஒரு பாட்டி ஒதுங்குவதற்காக அங்கே போய்க் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். மறுநாள் எங்களைப் பிடித்துக்கொண்டார். "சாவி யாருகிட்ட கீதுன்னே தெரியாத கோயில எதுக்குடா கட்டுனீங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் தேடிப் பண்டிதரிடம் போனோம். அங்கே கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கொழும்பிலிருந்து இராயப்பேட்டைக்கு

பண்டிதரின் வாழ்க்கையை இங்கே முழுவதும் சொல்ல நேரமில்லை. 1845-இல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவர். தொழிலில் சித்த மருத்துவர். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், 1870-இல் அத்வைதானந்த சபை நடத்தினார். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில், நம் மக்களுக்குக் கோயில் நுழைவும் கல்வியும் நிலமும் வேண்டும் என்று கேட்டார். கோயில் பற்றிக் கேட்டதற்கு அந்தச் சபையில் கிடைத்தது அவமானம்தான். அவர்களுடைய கோயில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று அவர் முடிவுக்கு வந்த பாதையில் அந்த நாளுக்கு முக்கியமான இடம் உண்டு.

1898-இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு கொழும்புக்குப் போனார். பஞ்சமர் பள்ளியின் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியும் உடன் போனார். மாளிகாகந்த விகாரையில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார்கள். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது வகுப்பில் சமஸ்கிருதமயமாக்கல் பற்றி மாதக்கணக்கில் பாடம் நடந்தது. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைப் பார்த்து நடப்பார்கள் என்பது அதன் சாரம். சாக்கைய பௌத்த சங்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீழே இருப்பவர்கள் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்து, தங்களுக்கென்று ஒரு அறத்தைக் கட்டிக்கொண்ட கதை அது. ஞான. அலாய்சியஸ் 1998-இல் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூலும், 1999 முதல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளும் இல்லையென்றால் நாங்களும் அதை அறியாமலே போயிருப்போம். அந்தத் தொகுதிகளுக்கே மூலமாக இருந்தவை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்த பழைய 'தமிழன்' தாள்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அக்கறை காட்டாத காலத்தில் நம் வீட்டுப் பரண்கள்தான் நமக்கு ஆவணக் காப்பகமாக இருந்தன.

சங்கத்தில் என்ன நடந்தது?

பௌத்த சங்கம் என்றால் கண்ணை மூடித் தியானம் செய்யும் இடம் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். மாமல்லபுரம் சாலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு தியானம் கற்றுத்தருகிறார்கள் அல்லவா, அந்தப் படம்தான் மனதில் வருகிறது. இராயப்பேட்டையில் நடந்தது வேறு.

ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். திரிசரணமும் பஞ்சசீலமும் சொன்னார்கள். பிறகு ஒருவர் சொற்பொழிவு ஆற்ற, மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பது, திருமணம், இறந்தவரை வழியனுப்புவது எல்லாம் சங்கத்தின் முறைப்படி நடந்தன. புரோகிதர் இல்லை, தட்சிணை இல்லை. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிக்குகள் வந்து தங்கினார்கள். பண்டிதர் மருத்துவர் என்பதால் நோய்க்கு மருந்தும் கிடைத்தது. 1907 ஜூன் 19-ஆம் நாள், ஒரு புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அதுவே 'தமிழன்' ஆனது. 1914 மே 5-இல் பண்டிதர் மறையும்வரை வாரம் தவறாமல் அதில் எழுதிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு மனிதர் பிறந்ததிலிருந்து இறப்பது வரை எந்தெந்த இடத்தில் சாதி அவரைப் பிறரிடம் கையேந்த வைக்கிறதோ, அந்தந்த இடத்திலெல்லாம் சங்கம் வந்து நின்றது. பெயர் வைக்கக் கையேந்த வேண்டாம். தாலி கட்டக் கையேந்த வேண்டாம். பிணத்தை எடுக்க நாள் நட்சத்திரம் கேட்டுக் கையேந்த வேண்டாம். மதம் மாறுவது என்பதைப் பண்டிதர் ஒருநாள் விழாவாகப் பார்க்கவில்லை. வாழ்க்கையின் ஒவ்வொரு வாசலிலும் இருந்த காவல்காரனை மாற்றும் வேலையாகவே பார்த்தார் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

'பள்ளி' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்தின் பெயர் அது. இன்று குழந்தைகள் படிக்கும் இடத்திற்கு அதுவே பெயர். துறவி தங்கிய இடமும் பிள்ளை படித்த இடமும் ஒன்றாக இருந்ததற்குச் சாட்சியாக அந்தச் சொல் நம் வாயில் இருக்கிறது.

தீபத்தைப் பார்த்தவிதம்

சங்கத்தில் கற்பித்தது என்ன என்று கேட்பீர்கள். ஒரு உதாரணத்தை இந்த மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

கார்த்திகை அன்று செங்கம் பக்கத்து மேடுகளில் ஏறி நின்றால், வானம் தெளிவாக இருக்கும் இரவில் திருவண்ணாமலை தீபம் ஒரு பொட்டுப்போலத் தெரியும். சிறுவயதில் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். அருகே போய் எங்கள் தாத்தாக்கள் பார்த்ததில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பண்டிதர் அந்தத் தீபத்துக்கு வேறொரு கதை சொன்னார். 'கார்த்துலம்' என்றால் ஆமணக்கு. பௌத்தத் துறவிகள் ஆமணக்கு விதையிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்து, அது எரிந்தால் மக்களுக்குக் கேடு செய்யுமா என்று மலையுச்சியில் ஏற்றிச் சோதித்தார்கள். அந்த நாளின் நினைவே கார்த்துல தீபம் என்றார். தீபாவளியையும் எள்ளிலிருந்து நெய் எடுத்த நாளாகவே விளக்கினார். அசுரனைக் கொன்ற நாளாக அவர் அதை ஏற்கவில்லை. போகியும் பொங்கலும் புத்தரின் பரிநிருவாணத்தோடு சேர்ந்தவை என்றார். அம்மன் என்று நாம் கும்பிடுவது மக்களின் நோய்க்கு வேப்பிலை மருத்துவம் சொன்ன ஒரு பிக்குணியைத்தான் என்றார்.

இதற்குக் கல்வெட்டு ஆதாரம் இருக்கிறதா என்று வரலாற்றுப் பேராசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சொல்லாராய்ச்சியில் பண்டிதர் சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் அப்படியே ஏற்பதும் இல்லை. ஆனால் அந்தக் கதைகளுக்குள் இருக்கும் அறத்தைப் பாருங்கள். யாரையோ கொன்றதற்காக ஒரு பண்டிகை என்ற இடத்தில், யாரோ மக்களுக்குப் பயன்படும் ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக ஒரு பண்டிகை என்று வைத்தார். கொலையின் இடத்தில் எண்ணெயையும் மருந்தையும் வைத்தார். உழைப்பவரை இழிந்தவர் என்று சொன்ன ஒரு சமூகத்தில், உழைப்பின் பலனையே திருநாளாக்கினார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்ட ஒரு கூலித் தொழிலாளி அடுத்த கார்த்திகைக்கு அந்தத் தீபத்தைப் பார்த்தபோது, நம்மை உள்ளே விடாத கோயிலின் தீபம் என்று நினைத்திருக்க மாட்டார். நம்மவர் கண்டுபிடித்த விளக்கு என்று நிமிர்ந்து பார்த்திருப்பார். போதனை செய்த வேலை அதுதான்.

இதே காலத்தில் பேராசிரியர் லட்சுமி நரசு வேறொரு வழியில் வேலை செய்தார். 1907-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பகுத்தறிவின் வழி நின்றது. 1948-இல் பாபாசாகேப் தம் முன்னுரையோடு அதை மறுபதிப்புச் செய்தார். இருவர் வழியும் ஒன்றல்ல, அவர்களிடையே கருத்துவேறுபாடுகளும் இருந்தன. தமிழ்ப் பௌத்தம் ஒற்றைக் குரலில் தொடங்கவில்லை என்பது நமக்குப் பெருமைதான். கேள்வி கேட்கும் இடமாகத்தான் அது பிறந்தது.

ஜோலார்பேட்டை வழியாக

இராயப்பேட்டையில் நடந்தது இந்த அடிவாரத்துக்கு எப்படி வந்தது? ரயிலில்தான்.

கோலார் தங்கவயலுக்கு வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து போன நம் தாத்தா, பாட்டன்கள் அங்கே சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பண்ணையாரின் நிலத்தைவிட்டு முதல்முறையாக மாதச் சம்பளம் பார்த்தார்கள். சம்பளம் வந்ததும் முதலில் பள்ளிக்கூடமும் பௌத்த சங்கமும் கட்டினார்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சங்கக் கிளைகள் நடந்தன. பண்டிதரின் எழுத்துகள் பல மாரிகுப்பம் சித்தார்த்தா புத்தகசாலை வழியாக நூல்களாயின. பண்டிதர் மறைவுக்குப் பிறகு நின்றுபோன 'தமிழன்' 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. சென்னையில் அச்சான தாள் ஜோலார்பேட்டை வழியாகப் பங்காருப்பேட்டைக்குப் போயிற்று. தங்கவயலில் கேட்ட பிரசங்கம் லீவில் வந்த தொழிலாளியோடு அதே ஜோலார்பேட்டையில் இறங்கி இந்தச் சேரிகளுக்கு வந்தது.

திருப்பத்தூரிலும் சங்கத்தின் கிளை இருந்தது. ஏ.பி. பெரியசாமிப் புலவர் இந்தப் பகுதியில் பௌத்தத்தைப் பேசியும் எழுதியும் பரப்பினார். பின்னாளில் அதே திருப்பத்தூரிலிருந்து டி.பி. கமலநாதன் 1985-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, தென்னிந்தியாவில் தாழ்த்தப்பட்டோர் நடத்திய விடுதலைப் போராட்டங்களைப் பதிவு செய்தார். நமக்கு யாரோ வந்து விழிப்பூட்டினார்கள் என்ற பேச்சுக்கு இந்த ஊர் கொடுத்த பதில் அது.

பெண்களையும் சொல்ல வேண்டும். சொப்பனேஸ்வரி அம்மாள் 'தமிழ் மாது' என்ற இதழை நடத்தியது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில். தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதும் பலருக்கு அந்தப் பெயர் இன்னும் எட்டவில்லை.

எங்கள் குற்றம்

இதுவரை பெருமையைப் பேசினோம். இனி எங்கள் குற்றத்தைப் பேச வேண்டும். நினைவுச் சொற்பொழிவு என்றால் மாலை போட்டுவிட்டுப் போவது மட்டும் அல்ல.

பாட்டி கேட்ட பிறகு வெட்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் விகாரையைத் திறப்பது என்று முடிவெடுத்தோம். சாவியைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டினோம். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பஞ்சசீலம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வாசிப்பு. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைப் பெரியார்தாசனின் தமிழில் பக்கம் பக்கமாக வாசித்தோம். நன்றாகத்தான் போயிற்று.

ஒருநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அருந்ததியர் குடும்பம் வந்தது. மகளுக்குக் கல்யாணம், மண்டபத்துக்குப் பணம் இல்லை, விகாரையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எங்களில் ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. "கமிட்டியில் கேட்டுச் சொல்கிறோம்" என்றோம். மூன்று வாரம் கமிட்டி கூடவில்லை. அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

'கமிட்டியில் கேட்டுச் சொல்கிறோம்' என்பது நமக்குப் புதிய வாக்கியமா? நம் தாத்தா கோயில் வாசலில் கேட்டது, அப்பா டீக்கடையில் கேட்டது, நாம் வாடகை வீடு தேடும்போது கேட்பது இதே வாக்கியம்தான். அதை நாங்கள் புத்தர் சிலைக்கு முன்னால் நின்று சொன்னோம்.

இதன் வேர் எங்களிடம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்டிதர் தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்று நிறுவினார். அதே எழுத்தில், 'பஞ்சமர்' என்ற பெயரில் தம் மக்களைச் சக்கிலியர், குறவர், தோட்டி முதலானோருடன் ஒன்றாக அடைத்ததை எதிர்த்தும் எழுதினார். இழிவைச் சுமத்திய பெயரை மறுக்கப் போனவர், அந்த இழிவு மற்றவர் மேல் தங்கிவிடும்படி கோடு கிழித்தார். அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஒன்றும் இல்லை. பண்டிதர் தம் காலத்தின் மனிதர். அவருடைய அறத்தை அளவுகோலாக எடுத்து அவரையே அளக்கும் உரிமையை அவரே நமக்குக் கொடுத்திருக்கிறார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொன்னவரின் பெயரில் கட்டிய விகாரைக்குள், பிறப்பைப் பார்த்துக் கமிட்டி கூடாமல் போனால் அது விகாரை இல்லை, இன்னொரு ஊர்க்கோயில்தான்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா, "உட்காருங்க, டீ குடிங்க" என்று மட்டும் சொன்னார். அந்த டீயை இன்றுவரை நாங்கள் மறக்கவில்லை. இப்போது விகாரைக்குக் கமிட்டி கிடையாது. யார் கேட்டாலும் நாள் காலியாக இருந்தால் கொடுப்பது, அவ்வளவுதான் விதி.

மலைமேல் இருப்பவர்கள்

இன்னொரு கோடும் இருக்கிறது. அடிவாரத்துக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் கோடு.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு என்று மேலே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். போதாததற்கு வெளியூருக்கு மூட்டை கட்டுகிறார்கள். காவலூரில் நட்சத்திரம் பார்க்க உலகத்தரத்தில் தொலைநோக்கி இருக்கிறது. அதே மலையில் பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கி வந்த கதைகளும் உண்டு.

2015 ஏப்ரல் 7-ஐ நினைவுபடுத்துகிறோம். ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை அந்த மாநிலச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த வாரம் நாங்கள் அம்பேத்கர் ஜெயந்திக்குப் பேனர் அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு கண்டன ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டோம். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. மேலே ஏறிப் போய் அந்த வீட்டு வாசல்களில் உட்காரவில்லை.

எண்வகை நெறியில் 'நல்வாழ்வுத் தொழில்' என்று ஒன்று உண்டு. பாலியில் சம்மா ஆஜீவம். பிறருக்குக் கேடு செய்யாத தொழிலால் வாழ வேண்டும் என்பது பொருள். அன்று வாசிப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, அப்படின்னா மரம் வெட்டப் போனவங்க தப்பு பண்ணவங்களா?" நல்ல கேள்வி. போதனையைத் தனிமனிதர் மேல் மட்டும் ஏற்றினால் அந்தத் தம்பி பயந்த முடிவுதான் வரும். பாபாசாகேப் பௌத்தத்தைப் படித்தவிதம் வேறு. துக்கம் என்பதை அவர் வறுமையாகவும் சுரண்டலாகவும் பார்த்தார். நல்வாழ்வுத் தொழில் கிடைக்காத மலையை யார் உண்டாக்கினார்கள்? முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பிய தரகன் யார்? மரத்தை வாங்கிக் கடல் கடத்திய முதலாளி யார்? அந்த நெறியின் கேள்வி முதலில் அவர்களிடம் போக வேண்டும். குண்டு பட்டவனிடம் கடைசியாகத்தான் வர வேண்டும்.

மணிமேகலை அமுதசுரபியை ஏந்திக்கொண்டு எங்கே போனாள்? பசித்தவர் இருக்கும் இடத்துக்குப் போனாள். சிறைக்கோட்டத்துக்குப் போய் அதை அறக்கோட்டமாக மாற்றினாள். பாத்திரம் நிறைந்திருக்கிறது, வருபவர் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. பழைய தமிழ்ப் பௌத்தம் நமக்கு வைத்துவிட்டுப் போன பாடம் இது. விகாரைக்குக் கதவு மட்டும் போதாது, கால்களும் வேண்டும்.

பதிவேட்டில் ஒரு கட்டம்

பண்டிதர் கணக்கெடுப்பை மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டவர். 1881-இலேயே நம் மக்களை ஆதித்தமிழர் என்று பதியக் கேட்டார். 1911 கணக்கெடுப்புக்கு முன்னால் பௌத்தர் என்று பதியும்படி 'தமிழனில்' தொடர்ந்து எழுதினார். எண்ணப்படாதவன் இல்லாதவன் ஆகிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பௌத்தர்கள் சுமார் 84 லட்சம். அதில் மராட்டியத்தில் மட்டும் 65 லட்சம். 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் தொடங்கியதன் பலன் அது. தமிழ்நாட்டில் எத்தனை? சுமார் 11 ஆயிரம். அயோத்திதாசரின் நாட்டில், நாக்பூருக்கு 58 ஆண்டு முன்னால் தொடங்கிய நாட்டில், இதுதான் கணக்கு.

இதற்குப் பயமும் ஒரு காரணம். பௌத்தம் என்று எழுதினால் எஸ்.சி. சலுகை போய்விடும் என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறார்கள். 1950 ஆணையின்படி ஒருகாலத்தில் அது உண்மை. 1956-இல் சீக்கியர்களும், 1990-இல் பௌத்தர்களும் அந்த ஆணையில் சேர்க்கப்பட்ட பிறகு அது உண்மை அல்ல. பௌத்தராக இருந்தாலும் பட்டியல் சாதி உரிமை உண்டு. ஆனாலும் எங்கள் தோழர் ஒருவர் மகளின் சான்றிதழில் பௌத்தம் என்று போடச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். எட்டாவது முறை சட்டத்திருத்தத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பதினைந்து பேராகப் போனோம். கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை இல்லாமல் அந்தப் பதினைந்து பேர் எங்கிருந்து வருவார்கள்?

2027-இல் கணக்கெடுப்பு வருகிறது, சாதியையும் கேட்கப்போகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு சேரியிலும் உட்கார்ந்து பேச வேண்டும். பயத்தால் ஒன்றையும் எழுதக்கூடாது. தெரிந்துகொண்டு எதை வேண்டுமானாலும் எழுதட்டும்.

சிலையும் ஞாயிறும்

2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்டு வந்த சிலை புத்தர் சிலைதான் என்று தொல்லியல் துறை ஆய்வை ஏற்றுக்கொண்டு, அதைத் துறையின் பொறுப்பில் எடுக்கச் சொன்னது. நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆத்தூர் பக்கம் தியாகனூரில் புத்தர் உட்கார்ந்திருப்பதைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறோம். மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இலேயே 'பௌத்தமும் தமிழும்' எழுதி வழிகாட்டினார்.

நீதிமன்றம் சிலையைத் திருப்பித்தரும். தொல்லியல் துறை பலகை வைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை எந்த நீதிமன்றமும் திருப்பித்தராது. அதை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் பாபாசாகேப் ஒரு கேள்வி எழுப்புகிறார். புத்தர் பிக்குவை எதற்காக உண்டாக்கினார்? முழுமை பெற்ற ஒரு மனிதனை உருவாக்கவா, மக்களுக்குத் தொண்டு செய்யும் ஒருவனை உருவாக்கவா? தன்னை மட்டும் முழுமையாக்கிக்கொள்பவனால் பௌத்தத்துக்குப் பயனில்லை, தொண்டனாக இருந்தால்தான் நம்பிக்கை என்பது அவர் கருத்து. அந்தக் கேள்வி காவி உடுத்தியவருக்கு மட்டும் உரியதல்ல. விகாரைக்கும் அதே கேள்விதான். எங்கள் தகரக் கூரைக்கும் அதே கேள்விதான்.

எனவே பெரிய தீர்மானம் எதையும் நாங்கள் முன்வைக்கவில்லை. ஊருக்கு ஒரு விகாரை வேண்டாம். இருக்கும் விகாரையை வாரத்துக்கு ஒருநாள் திறந்தால் போதும். விகாரை இல்லாத ஊரில் ஒரு புங்கமரத்தடி போதும். ஒரு மணி நேரம் வாசிப்பு. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம். மனு எழுதத் தெரிந்த ஒருவர், மருத்துவமனைக்குத் துணைபோகத் தெரிந்த ஒருவர், சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்கும் நாலு பேர். மாதத்தில் ஒரு பௌர்ணமிக்கு மலை ஏறிப் போவது. கல்யாணத்துக்கு இடம் கேட்டு வரும் யாரிடமும் தெருப்பெயரைக் கேட்காமல் இருப்பது. இதுதான் இராயப்பேட்டையில் நடந்தது. இதுதான் தங்கவயலில் நடந்தது. இதுதான் திருப்பத்தூரில் நடந்தது.

போன மாதம் அதே பாட்டி விகாரைக்கு வந்தார். மழை இல்லை, நல்ல வெயில். திண்ணையில் வெற்றிலைப் பையை அவிழ்த்துவைத்து உட்கார்ந்தார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆணியில் சாவி தொங்குகிறதா என்று ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அவர் அப்படிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நீங்களும் வந்து பாருங்கள். சாவி அங்கே இல்லையென்றால் எங்களைக் கேளுங்கள்.

பண்டிதர் அயோத்திதாசருக்கு எங்கள் வணக்கம். 

ஜெய்பீம்.